‘தோல் நிறம்’ என்னும் பொய்: யாழ்ப்பாணத்துச் சித்திரக் கல்வியும் மனித உருவ வரைவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளின் சித்திரக் கண்காட்சிகளைச் சுற்றி வருவோர் ஒரு விந்தையைக் காணலாம். பொங்கற் பானைக்கு முன்னே நிற்கும் தாய், சந்தையிலே மரக்கறி விற்கும் பெண், தேர்வடம் பிடிக்கும் ஆடவர், கடற்கரையிலே வலை இழுக்கும் தொழிலாளி ஆகியோருட் பெரும்பாலோர் இளஞ்சிவப்பு நிறத்தினராய்க் காட்சி தருவர். பானையின் கரியும் கரும்பின் ஊதாவும் பனையின் கருமையும் ஓரளவு கண்டவாறே தீட்டப்பட்டிருக்க, மனிதர் மாத்திரம் எவரும் காணாத நிறத்தைப் பெற்றிருப்பர். படத்தை வரைந்த பிள்ளையின் கையும் அந்நிறத்ததன்று. பிள்ளையைப் பெற்றவளின் முகமும் அந்நிறத்ததன்று. வர்ணப் பென்சிற் பெட்டியிலே ‘தோல் நிறம்’ என்று வழங்கும் பென்சில் ஒன்று உண்டு. மனிதரை வரைந்து முடித்ததும் அதனை எடுத்துப் பூசவேண்டும் என்பது பிள்ளை கற்றுக்கொண்ட பாடம்.

இதனைச் சிறுபிள்ளைப் பிழை என்று புறந்தள்ளுதல் எளிது. ஆயின் பிழைக்குப் பொறுப்புப் பிள்ளை அன்று. கண்ணெதிரே இருக்கும் மனிதரைப் பாராமலே மனிதரை வரையலாம் என்று பழக்கிய கல்விமுறையே அதற்குப் பொறுப்பு. நிறம் மனப்பாடமாய் வருவது போலவே வடிவமும் மனப்பாடமாய் வருகின்றது. முழங்கை மடியாத கை, தோளிலிருந்து தொங்காமல் ஒட்டவைக்கப்பட்ட புயம், உள்ளே உடல் ஒன்று உண்டு என்பதை உணர்த்தாத சேலை என்பன ஆண்டுதோறும் பரீட்சை விடைத்தாள்களில் நிரம்பி வழிகின்றன. தன் மக்களைத் தன் கண்ணாற் பார்க்கப் பழகாத சமுதாயம், பிறர் தந்த படத்தையே தன் முகமென்று ஏற்றுக்கொள்ளும். இங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் அதனாலேயே வெறும் பென்சில் விவகாரமாக அமையவில்லை.

மனித உருவத்தை நேரிற் பார்த்து வரைதல் சித்திரக் கல்வியின் அத்திவாரமாதல் வேண்டும். ‘தோல் நிறம்’ என்னும் பென்சில் வகுப்பறையிலிருந்து அகற்றப்படல் வேண்டும். நிறத்தைத் தானே ஆக்கிக்கொள்ளுமாறு வரைவோரை நிர்ப்பந்திக்கும் நீரிற் கரையும் வர்ணப் பென்சில் அவ்விடத்தைப் பெறுதல் வேண்டும். இக்கோரிக்கைகளுக்கு எதிராகக் கூறப்படும் வாதங்கள் நான்கு. நேர்மாதிரியை வைத்து வரைதல் தமிழர் மரபன்று என்பது முதலாவது. மனித உடலை உற்று நோக்குதல் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பது இரண்டாவது. கமரா வந்தபின் உருவ வரைவு வீண் என்பது மூன்றாவது. வர்ணப் பென்சில் சிறுவர்க்குரிய பொருள் என்பது நான்காவது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குமுன், அந்த இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் நன்று.

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தனது மெழுகு வர்ணக்குச்சி ஒன்றுக்குத் ‘தசை’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டிருந்தது. அக்குச்சி காட்டியது வெள்ளையரின் தோலை. 1962இல் அப்பெயர் நீக்கப்பட்டு, ‘பீச்’ என்னும் பழத்தின் பெயர் அதற்கு வழங்கப்பட்டது. 2020இல் அதே நிறுவனம் உலக மக்களின் தோல் நிறங்கள் எனக் கூறி 24 குச்சிகள் கொண்ட பெட்டியொன்றை வெளியிட்டது. ஆக்கியவர்களே கைவிட்ட பெயரை யாழ்ப்பாணத்து வகுப்பறை இன்னும் பேணி வருகின்றது.

அந்நிறம் இங்கே வேரூன்றியமைக்கு அண்மைக் காரணங்களும் உண்டு. 1894இல் ரவிவர்மா பம்பாயிலே தொடங்கிய அச்சகம், தேவியரையும் காவிய நாயகியரையும் வெளிறிய மேனியராய் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பின்னர் கோவிற்பட்டியிலே சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாகிப் பரவின. அப்படங்களின் கைத்திறனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் அழகுடையோர் அனைவரும் வெளிறிய மேனியர் என்னும் நம்பிக்கையை அவை சுவர்தோறும் ஆணியடித்து மாட்டின. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ முகப்பூச்சு 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. மணமகள் தேடும் விளம்பரங்களில் நிறம் பற்றிய நிபந்தனை இன்னும் ஒழிந்தபாடில்லை. பிள்ளையின் பென்சிற் பெட்டி இச்சூழலிலேதான் திறக்கப்படுகின்றது.

இனி முதலாவது வாதம். நேர்மாதிரியைப் பார்த்து வரைதல் மேனாட்டார் வழக்கமென்றும், கீழைத்தேயக் கலைஞன் மனக்கண்ணிற் கண்ட உருவத்தையே எழுதினான் என்றும் கூறுவோர் ஆனந்த குமாரசுவாமியைத் துணைக்கழைப்பர். 1934இல் வெளிவந்த ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலில், இயற்கையின் புறத்தோற்றத்தைப் பிரதிபண்ணுதல் கீழைத்தேயக் கலையின் நோக்கமன்று என்று அவர் நிறுவ முயன்றார். அக்கருத்தின் ஆழத்தை இகழ்தல் பேதைமை. ஆனால் மனக்கண் வெறுமையிலிருந்து உருவத்தைப் பெறுவதில்லை. பல்லாண்டு பார்த்துப் பார்த்துக் கைவந்த அறிவே தியானத்தில் உருவாய்த் திரள்கின்றது. பார்த்தே அறியாத மாணவனிடம் மனக்கண்ணாற் காண் என்று கூறுதல், விதையாத வயலில் அரிவாளைக் கொடுத்து அனுப்புதலை ஒக்கும்.

மரபுநூல்களே இதற்குச் சான்று. விட்டுணு தருமோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதியை ஸ்ரெல்லா கிராம்றிஷ் 1924இல் ஆங்கிலத்தில் வெளிப்படுத்தினார். நடனத்தை அறியாதவர் சித்திரத்தை அறிதல் அரிது என்பது அந்நூலின் கொள்கை. உடல் திரும்பும்போது உறுப்புகள் குறுகியும் பெருகியும் தோன்றும் முறையையும், உருவம் நிற்கும் ஒன்பது நிலைகளையும் அது வகுத்துக் கூறுகின்றது. உடல் திரும்புவதைக் கண்ணாற் காணாதவர் இத்தகைய விதிகளைச் செய்திருத்தல் இயலாது. இவற்றிலும் முக்கியமானது, தோலின் நிறம் பற்றி அது கூறுவது. வெண்மை சார்ந்த மேனி ஐந்து வகைப்படும் என்றும், கருமை சார்ந்த மேனி பன்னிரண்டு வகைப்படும் என்றும் அந்நூல் பிரிக்கின்றது. முகில், நீலோற்பலம், பயறு, அறுகந்தளிர் முதலியவற்றின் சாயல்கள் அப்பன்னிரண்டில் அடங்கும். கருமையிலே பன்னிரு பேதம் கண்ட மரபின் பெயரால், ஒரே ஓர் இளஞ்சிவப்புப் பென்சிலுக்கு வக்காலத்து வாங்குவோர் உளர் என்பதே வியப்பு.

அசந்தாக் குகைகளில் அரசரும் அரசியரும் ஏவலரும் கபிலத்தின் பல சாயல்களில் எழுதப்பட்டுள்ளனர். கரிய மேனியர் அங்கே அழகிற் குறைந்தவராய் வைக்கப்படவில்லை. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிகிரியா ஓவியங்களிலும் பொன்மேனி மாதரோடு கருமேனி மாதரும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றனர். சங்கச் செய்யுட்கள் தலைவியின் மேனி நிறத்தை ‘மாமை’ என்று போற்றின. மாந்தளிரின் சாயலுடைய அந்நிறம் கெட்டுப் பசலை படர்தலே துயரத்தின் அடையாளமாய்க் கொள்ளப்பட்டது. நிறம் வெளிறுதலை நோயின் குறியாகக் கண்ட இலக்கியத்தைக் காலையிலே பாடமாய்க் கற்கும் மாணவர், மாலையிலே அத்தலைவியை வெளிறிய நிறத்தில் வரைகின்றனர்.

தமிழ் உரையாசிரியரும் இத்துறையிலே மௌனம் சாதிக்கவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், ‘ஓவிய நூல்’ என ஒன்றைச் சுட்டி, நிற்றல், இருத்தல், கிடத்தல், இயங்குதல் என்னும் நிலைகளைக் கூறி, இருத்தலிலே ஒன்பது வகையைப் பெயரிட்டுக் காட்டுகின்றார். அந்நூல் இன்று கிடைத்திலது. ஆயினும் மனிதர் இருக்கும் வகையை ஒன்பதாகப் பகுத்தறிந்த கண் ஒரு காலத்தில் இருந்தது என்பதை அவ்வுரை மெய்ப்பிக்கின்றது. நெடுநல்வாடை அணிகலன் களைந்த அரசியைப் ‘புனையா ஓவியம்’ என்கின்றது. வர்ணம் ஊட்டப்படாத கோட்டுருவம் என்பது அதற்கு உரைகாரர் கொண்ட பொருள். கோட்டால் மாத்திரம் மனித உருவத்தை நிறுத்தும் கலை தமிழிலே பெயர் பெற்று விளங்கியபோது, அது மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று கூறுதல் பொருந்தாது.

மேனாட்டுப் பயிற்சி கண்ணைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் அம்ரிதா சேர்கில்லின் வரலாற்றை நினைத்தல் தகும். பாரிசிலே நேர்மாதிரி வரைவில் முறையாகப் பயின்ற அவர் 1934இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அசந்தாவையும் தென்னாட்டையும் கண்டபின் 1937இல் அவர் தீட்டிய தென்னிந்தியப் படங்கள் மூன்றிலும் கரிய மேனியின் கனம் புலப்படுகின்றது. ரவிவர்மாவின் காவிய நாயகியரிடத்தே காணக்கிடையாத தென்னாட்டு உடல் அவற்றிலே அமர்ந்திருக்கின்றது. நேரிற் பார்க்கும் பயிற்சி அவரை அந்நியராக்கவில்லை. தம் நாட்டு மக்களைக் காணும் ஆற்றலையே அவருக்குத் தந்தது.

இரண்டாவது வாதம் ஒழுக்கம் பற்றியது. உருவ வரைவு என்றதும் ஆடையற்ற உடல் என்று பொருள்கொண்டு கதவை அடைப்போர் பலர். இங்கே இரண்டு செய்திகள் குழப்பப்படுகின்றன. ஐரோப்பியக் கலைக்கழகங்கள் ஆடையற்ற மாதிரியை முதன்மைப்படுத்தியமை உண்மை. 1768இல் தோன்றிய லண்டன் றோயல் அக்கடமியிலே, பெண் மாணவர்க்கு ஓரளவு ஆடையணிந்த மாதிரியை வரைதற்குக்கூட 1893இலேயே இடமளிக்கப்பட்டது. ஒழுக்கம் பற்றிய அச்சம் அங்கும் இருந்தது. அங்கும் அது பெண் மாணவரின் கல்வியையே முடக்கிற்று. ஆயின் உருவ வரைவுக்கு ஆடை களைதல் நிபந்தனை அன்று. சேலையின் மடிப்பு எவ்விடத்தில் இறுகுகின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்பதை நோக்குபவர் இடுப்பும் முழங்காலும் எங்கே உள்ளன என்பதை அறிவர். சாரத்தை மடித்துக் கட்டியவரின் நடையிலே தொடையின் இயக்கம் தெரியும்.

உடலைப் பார்த்தலே தகாது என்று இன்னும் வாதிடுவோரை நல்லூர் வீதிக்கு அனுப்புதலே தக்க விடை. அங்கே ஆடவர் மேற்சட்டை களைந்தே கோயிலினுட் புகுதல் வேண்டும். இருபத்தைந்து நாள் மகோற்சவத்தில் வெற்றுமேனி ஆடவர் பிரதட்டை செய்கின்றனர், பெண்கள் அடியழிக்கின்றனர், காவடி எடுப்போரின் முதுகும் தோளும் வெயிலிலே மின்னுகின்றன. இருத்தல், கிடத்தல், இயங்குதல் எல்லாம் அங்கே உண்டு. அவை அனைத்தும் வழிபாட்டோடு சேர்ந்து மதிக்கப்படுகின்றன. இறைவன் முன்னிலையிலே தூயதாகக் கருதப்படும் உடல், சித்திர வகுப்பிலே மாத்திரம் தீட்டாகிவிடுதல் எவ்வாறு?

மூன்றாவது வாதம் கமராவைப் பற்றியது. ஒரு நொடியிற் கைத்தொலைபேசி எடுத்துத் தரும் படத்தை ஒரு மணிநேரம் இருந்து வரைவானேன் என்பது கேள்வி. இவ்வாதத்தைக் கூறுவோர் வரைதலை விட்டொழிக்கவில்லை என்பதே வேடிக்கை. புகைப்படத்தின்மேற் சதுரங்களைக் கோடிட்டு, ஒவ்வொரு சதுரமாய்ப் பெருப்பித்துப் பிரதிபண்ணுவதையே அவர்கள் உருவ வரைவு என்று கற்பிக்கின்றனர். அதிலே கைக்கு வேலையுண்டு, கண்ணுக்கு வேலையில்லை. எதை விடுதல், எதைக் கொள்ளுதல் என்னும் தீர்ப்பைக் கமரா முன்னரே வழங்கிவிட்டது. மாணவர் அத்தீர்ப்பை எழுத்துப் பிசகாமற் படியெடுக்கும் எழுதுவினைஞர் ஆகின்றனர்.

இப்பிரதேசத்தில் புகைப்படத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் ஒருவரின் முகம் அடையாள அட்டையில் ஒட்டிய சிறு படமாகவே மதிப்புப் பெற்றது. சோதனைச் சாவடியில் முகத்தைப் பார்த்தவர் அம்முகத்தை அறிவதற்காகப் பார்க்கவில்லை. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலே தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தினர். அப்படங்கள் விலைமதிக்க இயலாதவை. ஆனால் படத்தை ஏந்தி அமர்ந்திருக்கும் தாயின் முதுகு எவ்வாறு வளைந்துள்ளது, கை எவ்வாறு பற்றியுள்ளது என்பவற்றை அறிதற்கு அவருக்கு எதிரே நெடுநேரம் இருந்து பார்த்தல் வேண்டும். உருவ வரைவு அவ்வாறு இருந்து பார்த்தலுக்கு இடப்பட்ட பெயரே. கமரா அதனைச் செய்வதில்லை. செய்யவேண்டிய கடமையும் அதற்கில்லை.

நான்காவது வாதம் கருவி பற்றியது. தைலவர்ணமும் கன்வஸும் பெரியோர்க்குரியன, வர்ணப் பென்சில் பாலர்க்குரியது என்னும் எண்ணம் ஆசிரியர் பலரிடம் ஊறியுள்ளது. நீரிற் கரையும் வர்ணப் பென்சிலின் இயல்பை அறியாமையே இதற்குக் காரணம். சாதாரண வர்ணப் பென்சிலில் நிறப்பொடியை மெழுகும் பசையும் களிப்பொடியும் சேர்ந்து பிணைக்கின்றன. மெழுகு நீரை ஏற்காது. கரையும் பென்சிலிலோ நீர்பட்டால் இளகும் பிணைபொருள் சேர்க்கப்படுகின்றது. உலர்ந்த தாளில் இட்ட கோடு முதலிற் கோடாகவே நிற்கும். ஈரத் தூரிகை பட்டதும் நீர்வர்ணமாய் விரியும். 1870களிலே அலுவலகப் பத்திரங்களுக்கென வந்த அழியாப் பென்சில், நீர்பட்டால் ஊதாவாக மாறும் இயல்புடையது. அது இதற்கு ஒருவகை முன்னோடி எனலாம். வர்ணப் பென்சிலில் இவ்வியல்பைக் கொணர்ந்தது ஜெனீவாவின் கரன்டாஷ் நிறுவனம். 1931இல் அது வெளியிட்ட ‘பிறிஸ்மலோ’ இவ்வகையில் முதலாவது. பென்சில் என்னும் பொருளுடைய ரஷ்யச் சொல்லைப் புனைபெயராகக் கொண்டு பாரிசிலே கேலிச்சித்திரம் வரைந்த எமானுவேல் புவாறேயின் (1858–1909) நினைவாகவே அந்நிறுவனத்துக்கு அப்பெயர் இடப்பட்டது. மனித உருவத்தைச் சில கோடுகளால் நிறுத்தவல்ல ஒருவரின் பெயரைத் தாங்கிய கருவியைப் பாலர் வகுப்புக்கு ஒதுக்குதல் பொருத்தமன்று.

மனித உருவ வரைவுக்கு இக்கருவி ஏன் உகந்தது என்பதை விளக்குதல் வேண்டும். அமர்ந்திருக்கும் மனிதர் கல்லன்று. பத்து நிமிடத்தில் கழுத்துத் தளரும், கை இடம் மாறும். தைலவர்ணத்தைக் குழைத்து முடிப்பதற்குள் நிலை கலைந்துவிடும். கட்டி நீர்வர்ணத்தில் நிறத்தைத் தட்டிலே கலந்து, சரிபார்த்து, பின்னரே தாளிலே வைத்தல் வேண்டும். கரையும் பென்சிலில் வரைதலும் நிறம் வைத்தலும் ஒரே செயலாகின்றன. புயத்தைச் சுற்றி வளைந்து செல்லும் கோடுகளை இட்டு, அவற்றின்மேல் ஈரத் தூரிகையை ஒருமுறை ஓட்டினால், நிறம் கரைந்தும் கோட்டின் போக்கு மெலிதாய் எஞ்சி நிற்கும். அந்த எச்சமே புயத்தின் உருட்சியைக் காட்டுகின்றது. மெல்ல இட்ட கோடு முழுதும் கரையும். அழுத்தி இட்ட கோடு முழுதும் கரையாது. ஆதலால் எங்கே அழுத்துதல், எங்கே தளர்த்துதல் என்பதை வரைவோர் முன்னரே எண்ணுதல் வேண்டும். நீர் பட்டபின் றப்பரால் அழித்துத் திருத்துதல் எளிதன்று; எனவே கோடிடுமுன் பார்த்தல் கட்டாயமாகின்றது.

நிறத்தின் செய்தியோ இன்னும் சிறந்தது. மஞ்சட்காவி, செங்காவி, கருங்கபிலம், ஊதா, கருநீலம் ஆகிய ஐந்து பென்சில்கள் ஒரு தமிழ் முகத்துக்குப் பெரும்பாலும் போதும். கறுப்பு வேண்டியதில்லை, ‘தோல் நிறம்’ அறவே வேண்டியதில்லை. முதலில் மஞ்சட்காவியை மெல்லப் பரப்பி, அதன்மேற் செங்காவியைக் குறுக்காக இட்டு, நிழலிற் கருங்கபிலத்தையும் ஊதாவையும் சேர்த்து, வெளிச்சப் பக்கத்திலிருந்து இருள் பக்கத்தை நோக்கித் தூரிகையை ஓட்டுதல் முறை. எதிர்ப்பக்கமாக ஓட்டினால் கருமை வெளிச்சத்திற் புகுந்து சேறாகிவிடும். உலர்ந்தபின் கண்ணிமை, உதட்டு விளிம்பு, மயிரெல்லை என்பவற்றை உலர்ந்த பென்சிலாற் கூர்மையாக்கலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இவ்வளவும் விரைந்து உலரும்.

இவ்வாறு வரையத் தொடங்கும் மாணவர் பெட்டியில் இல்லாதவற்றைக் காண்பர். கரிய மேனி ஒளியை விழுங்கிவிடுகின்றது என்பது பார்க்காதவர் கூற்று. நண்பகலில் நெற்றியிலும் கன்னத்தெலும்பிலும் தோள்முனையிலும் வானத்தின் வெளிறிய நீலம் பளிச்சிடும். அவ்விடங்களில் தாளை வெறுமையாய் விடுதல் வேண்டும். பின்னர் வெள்ளைப் பென்சிலால் அதனை மீட்டல் ஆகாது. வெண்மணல் முற்றத்தில் இருப்பவரின் தாடையின் கீழே நிழல் கருமையாய் இராது. மணலிலிருந்து எழும் ஒளி அங்கே செம்மஞ்சளாய்ப் படியும். உள்ளங்கையின் நிறம் வேறு, முழங்கையின் நிறம் வேறு, வெயிலிலே உழைத்த கழுத்தின் நிறம் வேறு. தோலுக்கு ஒரு நிறம் உண்டு என்னும் நம்பிக்கை ஒரு மணிநேரத்தில் உடைந்துவிடும். இளஞ்சிவப்புப் பென்சிலுக்குப் பதிலாய்க் கபிலப் பென்சில் ஒன்றை வழங்கினாற் போதும் என்று எண்ணுவோரும், 24 குச்சிப் பெட்டியால் நிறவேற்றுமை தீர்ந்தது என்று மகிழ்வோரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். 1521இல் அன்ற்வேர்ப் நகரில் அல்பிறெக்ற் டியூறர், கத்தரீனா என்னும் ஆபிரிக்கப் பெண்ணை வெள்ளிமுனைக் கோட்டால் வரைந்தார். அதிலே நிறம் எதுவும் பூசப்படவில்லை. தாழ்ந்த இமையும் முகத்தின் திரட்சியும் நேரிற் பார்க்கப்பட்டமையால் அப்பெண் இன்றும் பெண்ணாகவே நிற்கின்றாள். பார்வையின்றிப் பென்சில் எதுவும் இதனைச் செய்யாது. பார்வையைக் கட்டாயப்படுத்துதலே கரையும் பென்சிலின் சிறப்பு.

இக்கருவிக்குக் குறைகள் இல்லாமலில்லை. சில ஊதாக்களும் சிவப்புக்களும் வெயிலில் மங்கும்; ஆதலால் படத்தை வெளிச்சம் படும் சுவரில் மாட்டலாகாது. வியர்த்த கை பட்டாலும் கோடு கலையும். மெல்லிய பாடசாலைத் தாள் நீர்பட்டுச் சுருங்கும். தடித்த தாள் வேண்டும், நீரும் அளவாக வேண்டும். விலையும் ஒரு தடையே. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நாட்டில், இறக்குமதிப் பென்சில் பற்றிப் பேசுதல் ஆடம்பரம் எனச் சிலர் கூறுவர். ஆனால் வேண்டப்படுவன ஐந்து பென்சில்கள், ஒரு தூரிகை, ஒரு போத்தல் கிணற்றுநீர் ஆகியவையே. வகுப்புக்குப் பொதுவாகச் சில பெட்டிகளை வாங்கி வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பகுதி இதற்குப் போதுமாகும்.

யாழ்ப்பாணத்திற்கு இச்சிந்தனை முற்றிலும் புதியதும் அன்று. இலங்கையிலே சித்திரப் பரிசோதகராய் விளங்கிய ஸி. எவ். வின்சரின் பெயரால் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்திலே சித்திரக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். கொழும்பிலே 43 குழு தோன்றுவதற்கு ஐந்தாண்டு முற்பட்ட முயற்சி அது. பின்னர் அ. மாற்கு (1933–2000) விடுமுறைக் கால ஓவியர் கழகத்தின் வழியே பயிற்சியைத் தொடர்ந்தார். பல்வேறு ஊடகங்களிலே மனித உருவத்தை, சிறப்பாகப் பெண்ணுருவத்தை, ஓயாது தேடினார். 1987இல் வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் தொகுப்பு அத்தேடலின் பதிவாகும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அவர் படைப்புகள் பல தொலைந்தன. படைப்புகளைத் தொலைத்தது போர். அவர் காட்டிய வழியைத் தொலைத்தது போரன்று. பரீட்சைப் புள்ளியையே குறியாய்க் கொண்ட பயிற்சி வகுப்புகளும், அவற்றுக்கு இசைந்துபோன பாடசாலைகளுமே ஆகும்.

இனிச் செய்யத்தக்கவை அரியன அல்ல. இலங்கைப் பாடசாலைகளில் 6ஆம் தரம் முதல் மாணவர் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றுள் ஒன்றைத் தேர்கின்றனர். ஒரே கட்டடத்தின் ஓர் அறையிலே நடன மாணவியர் அரைமண்டியில் நின்று கால் நோகப் பயில்கின்றனர். அடுத்த அறையிலே சித்திர மாணவர் நடன மாதின் படத்தை நாட்காட்டியிலிருந்து பிரதிபண்ணுகின்றனர். நடுவில் உள்ள கதவைத் திறந்துவிடுதலே சித்திரசூத்திரத்துக்குச் செய்யும் மரியாதை. கிழமைக்கு ஒரு பாடவேளை மாணவர் ஒருவரை ஒருவர் இருத்தி வரைதல் வேண்டும். ஐந்து நிமிட வரைவு பல, இருபது நிமிட வரைவு ஒன்று என அமைத்தல் நன்று. ஆண்டிறுதிப் பரீட்சையின் ஒரு பகுதியிலேனும் கதிரையில் ஒரு மனிதர் அமர்த்தப்படல் வேண்டும். பாடசாலையின் காவலாளியோ சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மாவோ அதற்கு உடன்பட்டால், அவருக்குரிய ஊதியமும் வழங்கப்படல் வேண்டும், அமர்ந்திருத்தலும் உழைப்பே.

பல்கலைக்கழகத்தின் பொறுப்பு இதனினும் பெரிது. கலைவரலாற்றையும் காட்சிக் கலைகளையும் கற்பிக்கும் துறைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அங்கே பயின்று வெளியேறுவோரே நாளை குடாநாட்டு வகுப்பறைகளில் நிற்பர். மாமை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் தமிழ்த்துறை மாணவரும், அடியார்க்குநல்லார் உரையைப் பாடம் சொல்லும் விரிவுரையாளரும் இவ்விவாதத்தைச் சித்திர ஆசிரியரிடம் தள்ளிவிட்டு ஒதுங்குதல் முறையன்று. ஒன்பது இருக்கைகளின் பெயரை மனனம் செய்து பரீட்சை எழுதும் மாணவர், அவற்றுள் ஒன்றில் இருக்கும் ஒருவரை எதிரே வைத்து ஒருநாளேனும் வரைந்து பார்த்தால், அவ்வுரையின் பொருளும் வேறாய் விளங்கும். திண்ணையில் இருந்து பாக்கு வெட்டும் மூதாட்டியின் நெற்றியில் எத்தனை நிறம் உண்டு என்று எண்ணத் தொடங்கிய ஒருவர், பின்னர் அந்த இளஞ்சிவப்புப் பென்சிலைத் தேடமாட்டார்.